ஆகவே, ஆகவே, ஆகவே

எட்டாம் வகுப்பு படித்தபோது எனக்கு ‘ஆகவே’ என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. பள்ளிப் பேச்சுப் போட்டியில் மூன்று நிமிட உரை. ஒன்றரை நிமிடம் மழை மாதிரி கொட்டிவிட்டு மூன்றாவது பத்திக்கு வந்தேன், ‘ஆகவே’ என்றேன், அதற்கு அடுத்த சொல் வரவில்லை. சரி, இன்னொரு முறை சொன்னால் பின்னாலேயே வந்துவிடும் என்று நினைத்து மறுபடியும் ‘ஆகவே’ என்றேன். வரவில்லை. மூன்றாவது தடவை சொன்னபோது என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. நடுவர்கள் மூன்று பேரும் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவன் ‘ஆகவே?’ என்று கேட்டான், அரங்கமே சிரித்தது, நான் ‘நன்றி, வணக்கம்’ சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அந்த ‘நன்றி, வணக்கம்’ மட்டும் பிசிறில்லாமல் வந்தது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

அந்த உரையை நான் எழுதவில்லை. வீட்டில் ஒரு பெரியவர் எழுதிக் கொடுத்தார். நல்ல உரை, இன்றைக்குப் படித்தாலும் குறை சொல்ல முடியாது. ஆனால் இறங்கி வந்த பிறகு யாராவது என்னைப் பிடித்து நிறுத்தி, மூன்றாவது பத்தி எதைப் பற்றியது என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அது தாளின் பின்பக்கத்தில் தொடங்கும், ‘ஆகவே’க்கு மேலே ஒரு நீல மைக்கறை இருக்கும், அடுத்த வரி மடிப்பில் விழுந்து கொஞ்சம் அழிந்திருக்கும் என்பதுதான். மேடையில் கண்ணை மூடியபோது அந்தத் தாள் அப்படியே தெரிந்தது. கறை தெரிந்தது, மடிப்பு தெரிந்தது. எழுத்து மட்டும் தெரியவில்லை.

விதியைப் பாருங்கள், பல வருடம் கழித்து நானே பிள்ளைகளைப் போட்டிக்குத் தயார் செய்கிற ஆளாகவும், நடுவர் நாற்காலியில் உட்கார்கிற ஆளாகவும் ஆகிவிட்டேன். ‘பேச்சுப் போட்டியில் சேர்த்துவிடுங்கள் சார், பிள்ளைக்குத் தைரியம் வரும்’ என்று பெற்றோர் சொல்லும்போதெல்லாம் தலையாட்டுகிறேன். வரும்தான். எப்படி வரும் என்பதில்தான் எனக்கும் அவர்களுக்கும் ஒத்துப்போவதில்லை. தங்குதடையில்லாமல் பேசி, கைதட்டல் வாங்கி, கோப்பையோடு இறங்கினால் வரும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரையில், ஒரு பிள்ளை நாலு பேர் முன்னால் தடுமாறி, தடுமாறிய இடத்திலிருந்து தானாகவே எழுந்து வந்தால்தான் வருகிறது. கோப்பை வாங்கிய பிள்ளைக்குப் பல நேரம் அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை.

இந்தப் பயத்தை ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்று தட்டிவிடுகிறவர்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். மன அழுத்தத்தை ஆராய்கிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு: ஆய்வுக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, அடிக்காமல் மிரட்டாமல், நிஜமான அழுத்தத்தை எப்படி உண்டாக்குவது? ஜெர்மனியில் டிரியர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளெமென்ஸ் கிர்ஷ்பாமும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட வழிமுறை இன்றுவரை உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. ஆளைக் கொஞ்ச நேரம் தயார் செய்துகொள்ள விடுவார்கள். பிறகு மைக் முன்னால் நிறுத்தி, கேமராவையும் வைத்து, ஒரு சிறு குழுவின் முன்னால் 5 நிமிடம் பேசச் சொல்வார்கள். அது முடிந்ததும் 1022இலிருந்து 13, 13 ஆகக் கழித்துக்கொண்டே வரச் சொல்வார்கள், தப்பினால் மறுபடி முதலிலிருந்து. அவ்வளவுதான் சித்திரவதை. இதற்கே கார்ட்டிசால் என்கிற அழுத்த ஹார்மோன் பலருக்கு இரண்டு மூன்று மடங்கு ஏறிவிடுகிறது. வளர்ந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், தன் உயரத்துக்குச் சரிப்படாத மைக்கை அண்ணாந்து பார்த்து நிற்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளையைச் சொல்லவா வேண்டும்.

ஆனால் என்னை உலுக்கியது அந்த ஹார்மோன் கணக்கு இல்லை. அந்தக் குழுவில் உட்கார்கிறவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சிதான். சிரிக்கக் கூடாது. தலையாட்டக் கூடாது. பேசுகிறவர் நின்றுபோனால் உதவக் கூடாது, முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம் ‘இன்னும் நேரம் இருக்கிறது, தொடருங்கள்’ என்று மட்டும் சொல்ல வேண்டும். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் நடுவர்கள் எந்தப் பயிற்சியும் இல்லாமலே இதை இத்தனை காலமாகச் செய்துகொண்டிருக்கிறோமே! உர்ரென்று இருந்தால்தான் நடுநிலை என்று நமக்கு யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். பின்னால் 2013இல் இதே சோதனையின் நட்பான வடிவம் ஒன்றைச் செய்து பார்த்தார்கள். கிட்டத்தட்ட அதே ஏற்பாடு, ஆனால் எதிரே இருப்பவர்கள் முகம் மலர்ந்து, தலையாட்டி, இயல்பாகக் கேட்டார்கள். கார்ட்டிசால் ஏறவில்லை. அதாவது, பேசுவது என்கிற வேலை மட்டும் தனியாக நின்று நம்மைப் பயமுறுத்துவதில்லை, எதிரே இருக்கும் முகங்களுக்கும் அதில் பெரிய பங்கு இருக்கிறது.

அதற்குப் பிறகு நடுவராக உட்காரும்போது ஒரு பழக்கத்தை வலிந்து கொண்டுவந்தேன். ஒரு பிள்ளை மேடையேறி வணக்கம் சொல்லி முதல் நாலைந்து வரி பேசி முடிக்கும் வரை பேனாவைத் தொடுவதில்லை. நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறேன். மதிப்பெண்ணை அப்புறம் போட்டுக்கொள்ளலாம், அது எங்கேயும் ஓடிவிடாது. பக்கத்தில் உட்கார்ந்த நடுவர் ஒருவர் ‘நீங்க சிரிச்சா ஒருதலைப்பட்சம்னு சொல்லுவாங்க’ என்று ஒருமுறை எச்சரித்தார். எல்லோரையும் பார்த்துச் சிரித்தால் அது எப்படி ஒருதலைப்பட்சம் ஆகும் என்று தெரியவில்லை.

இந்த விஷயத்தில் திருவள்ளுவர் செய்திருக்கும் ஓர் ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். சபைக்கூச்சத்துக்கென்றே ஒரு முழு அதிகாரம் இருக்கிறது, 73ஆவது, அவையஞ்சாமை. ஆனால் அதற்கு நேர் முன்னால், 72ஆவதாக என்ன இருக்கிறது என்றால், அவையறிதல். முதலில் எதிரே இருப்பது யார் என்று தெரிந்துகொள், அதற்கப்புறம்தான் பயப்படாமல் இருப்பதைப் பற்றிய பேச்சு. நாம் பிள்ளைகளுக்குத் தலைகீழாகச் சொல்லிக் கொடுக்கிறோம். ‘கூட்டத்தைப் பார்க்காதே, எதிர்ச் சுவரைப் பார்த்துப் பேசு, எல்லோரையும் பூசணிக்காய் என்று நினைத்துக்கொள்’ என்கிறோம். பூசணிக்காயிடம் பேசிப் பழகிய பிள்ளை மனிதர்களிடம் எப்படிப் பேசும்? இன்னொன்றும் உண்டு. அந்த அவையஞ்சாமை அதிகாரத்தில் எதற்காகக் கற்க வேண்டும் என்று சொல்லும்போது ‘அவையஞ்சா மாற்றங் கொடுத்தற் பொருட்டு’ என்கிறார். மாற்றம் என்றால் இங்கே மறுமொழி. அவைக்கு அஞ்சாமல் பதில் சொல்வதற்காகக் கற்கச் சொல்கிறார், ஒப்பிப்பதற்காக இல்லை. நம் பேச்சுப் போட்டிகளில் பதில் சொல்லும் இடம் எங்கே இருக்கிறது? பிள்ளை வருகிறது, கொட்டுகிறது, மணி அடிக்கிறது, போகிறது. யாரும் எதையும் கேட்பதில்லை.

மனப்பாடம் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே புலம்புவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு போட்டியில் நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அபாரமாகப் பேசிக்கொண்டிருந்தாள். ஏற்ற இறக்கம், கையசைவு, எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அச்சு. ஆனால் அவள் கண் ஒரே இடத்தில் நிலைகுத்தி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் அவள் அம்மா. அம்மாவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன, மகளுக்கு அரைச் சொல் முன்னால். கையும் லேசாக எழுந்து எழுந்து அடங்கியது. அப்போது அம்மாவின் மடியிலிருந்த போன் நழுவிக் கீழே விழுந்தது, அதை எடுக்க அவர் குனிந்தார். மேடையில் பேச்சு நின்றுவிட்டது. சொல்லின் நடுவிலேயே, குழாயை மூடினாற்போல. அம்மா நிமிர்ந்தார், உதடு அசைந்தது, மகள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அன்றைக்கு அவளுக்குத்தான் முதல் பரிசு, நானும் சேர்ந்துதான் கொடுத்தேன். படிவத்தில் இருந்த எல்லாக் கட்டத்திலும் அவளே முன்னால் இருந்தாள், வேறு என்ன செய்ய முடியும்? ஆனால் கோப்பையை இருவருமாகத்தான் வாங்கியிருக்க வேண்டும். அந்த அம்மாவைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. எத்தனை ராத்திரி அந்த உரையைச் சொல்லிக் கொடுத்திருந்தால் அவருக்கே அது உதட்டில் நின்றிருக்கும்!

மனப்பாடமாக ஓட்டுவது சின்னப் பிள்ளைகளின் சங்கதி மட்டுமில்லை. வின்ஸ்டன் சர்ச்சில் இளம் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது உரை முழுவதையும் நெட்டுருப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். 1904ஆம் ஆண்டு ஏப்ரலில், அவருக்கு 29 வயது, அவையில் முக்கால் மணி நேரம் போலப் பேசிக்கொண்டிருந்தவர் ஒரு வாக்கியத்தின் நடுவில் அப்படியே நின்றுபோனார். தேடிப் பார்த்தார், அகப்படவில்லை. இதுவரை கேட்டதற்கு நன்றி என்று உறுப்பினர்களிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு குறிப்புத்தாள் கையில் இல்லாமல் பெரிய உரைக்கு அவர் எழுந்திருப்பதில்லை. இந்தக் கதையை என்னிடம் வரும் பிள்ளைகளுக்குத் தவறாமல் சொல்வேன். அவர்களுக்கு அதில் ரொம்பப் பிடித்த இடம், அவரும் ‘நன்றி’ சொல்லிவிட்டு உட்கார்ந்தார் என்பது. எனக்கும் அதுதான் பிடித்த இடம்.

சரி, மனப்பாடம் வேண்டாம் என்றால் என்ன செய்வது? எழுதவே கூடாதா என்று கேட்கிறார்கள். எழுதட்டும், பிள்ளையே எழுதட்டும், கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. முதல் இரண்டு வரியையும் கடைசி இரண்டு வரியையும் வேண்டுமானால் அப்படியே மனதில் வைத்துக்கொள்ளட்டும், ஏனென்றால் கை நடுங்குவது பெரும்பாலும் தொடக்கத்தில்தான், முடிவு தெரிந்திருந்தால் நடுவில் எங்கே அலைந்தாலும் வீடு வந்து சேரலாம். நடுவில் இருப்பதற்கு நாலு சொல் போதும். தண்ணீர்ச் சிக்கனம் பற்றிப் பேச வந்த ஒரு பையன் தன் துண்டுச்சீட்டில் எழுதி வைத்திருந்த நாலு சொற்கள் இவை: குழாய், பாட்டி, கணக்கு, நாளைக்கு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவனுக்குப் புரிந்தது. சொட்டும் குழாயில் தொடங்கி, பாட்டி தண்ணீரை எப்படிக் கையாளுவார் என்பதற்குப் போய், வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை வாளி என்று தானே போட்ட கணக்குக்கு வந்து, நாளையிலிருந்து தான் மட்டும் என்ன செய்யப் போகிறான் என்று முடித்தான். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு சொற்களில் சொன்னான். ஒரு தடவை பாட்டியை மறந்துவிட்டான், அது வெளியே யாருக்கும் தெரியவே இல்லை.

இந்தப் பையனோடுதான் நான் அந்த விளையாட்டை முதலில் தொடங்கினேன். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே புத்தகத்தைக் கீழே போடுவேன். எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவேன். ‘என்ன சொன்னே? காதில விழலை’ என்பேன். சில நேரம் சும்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கொட்டாவி விடுவேன். முதல் நாள் அவன் கோபத்தில் அழுதேவிட்டான். ‘நீங்க குறுக்கே பேசினதாலதான் சார் மறந்துபோச்சு!’ ‘மறந்துபோச்சு, அப்புறம்?’ என்றேன். ‘அப்புறம் என்ன, ஒண்ணுமில்லை.’ ‘சரி, மறந்த இடத்துக்கு முன்னாடி என்ன சொல்லிக்கிட்டிருந்தே, அதைச் சொல்லு.’ சொன்னான். சொல்லச் சொல்ல அடுத்தது தானாக வந்துவிட்டது. வந்ததும் அவன் முகத்தில் தெரிந்த திகைப்பு இருக்கிறதே, பூட்டியிருக்கிறது என்று நினைத்த கதவைத் தள்ளியதும் திறந்துகொண்டாற்போல, அதற்காகத்தான் நான் இந்த வேலையைத் தொடர்ந்து செய்கிறேன் என்று தோன்றும். நாலாம் நாள் வழக்கம்போலக் குறுக்கே புகுந்தேன். ‘ஒரு நிமிஷம் பொறுங்க சார், முடிச்சிட்டு வரேன்’ என்று கையைக் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தான். எனக்கு வாய் அடைத்துவிட்டது.

வீட்டில் இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கிண்டல் செய்யாதீர்கள். இடைஞ்சல் வேறு, கிண்டல் வேறு. பிள்ளைக்கும் இது விளையாட்டு என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் நடுக்கம். கால் நடுங்குகிறது, உள்ளங்கை வேர்க்கிறது, குரல் உடைகிறது, ‘எல்லோருக்கும் தெரிஞ்சிடும் சார்’ என்கிறார்கள். உண்மையில் தெரிவதில்லை. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பேசுகிறவர் தன் பதற்றம் வெளியே தெரிவதாக நினைக்கும் அளவுக்குக் கேட்பவர்களுக்கு அது தெரிவதில்லை என்று கண்டார்கள். இதில் சுவாரசியமான பகுதி அடுத்தது: பேசுவதற்கு முன்னால் இந்த உண்மையை ஒரு பிரிவினருக்கு விளக்கிச் சொன்னார்கள். அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள், தங்கள் பார்வையிலும் சரி, கேட்டவர்கள் பார்வையிலும் சரி. ‘பயப்படாதே’ என்று சொல்வதற்கும் ‘நீ பயப்படுவது வெளியே தெரியாது’ என்று சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். முன்னது முடியாத காரியத்தைச் செய்யச் சொல்கிறது. நான் போனில் படம் பிடித்துக் காட்டிவிடுவேன். ‘எங்கே நடுங்குது, காட்டு’ என்றால் பிள்ளை திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடும். ‘அந்த நேரத்துல பயங்கரமா நடுங்குச்சு சார், இதுல தெரியலை’ என்று ஏமாற்றத்தோடு சொன்ன பிள்ளையும் உண்டு.

அலிசன் வுட் புரூக்ஸ் என்கிற ஆய்வாளர் 2014இல் சொன்னதும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். மேடையேறும் முன் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். நெஞ்சு படபடக்கும்போது அமைதி என்று சொன்னால் நெஞ்சே நம்பாது. உற்சாகம் என்றால் நம்பிவிடும், ஏனென்றால் விளையாடப் போகும்போதும் அது அப்படித்தான் அடித்துக்கொள்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டேன், போட்டி என்ற அமைப்பைப் பற்றி எனக்கிருக்கும் மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது பிள்ளைகள் பேசினால் மூன்று பேருக்குப் பரிசு. மற்ற முப்பத்தேழு பேருக்கும் கலந்துகொண்டதற்கான சான்றிதழ், அதில் பெயரும் சில நேரம் தப்பாக எழுதப்பட்டிருக்கும். ஏன் பரிசு இல்லை, எந்த இடம் நன்றாக இருந்தது, எதை மாற்றினால் மேலாகும் என்று அந்த முப்பத்தேழு பேருக்கும் யாரும் சொல்வதில்லை. ஆளுக்கு இரண்டு வரி எழுதிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அதைவிட மோசம், அடுத்த போட்டிக்கு யாரை அனுப்புவது என்று வரும்போது போன தடவை ஜெயித்த அதே பிள்ளைதான். ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை ‘நல்லாப் பேசும்’ என்று முத்திரை வாங்கிவிட்டால் பன்னிரண்டு வரை அதுதான் போகும், வகுப்பில் மீதிப் பேர் கைதட்டுவதற்கு. கூச்சம் இருக்கிற பிள்ளைக்குத்தானே மருந்து வேண்டும்? நீச்சல் தெரிந்தவனையே திரும்பத் திரும்பக் குளத்தில் இறக்கிவிட்டு, கரையில் நிற்பவர்களுக்குத் தைரியம் வரவில்லையே என்றால் எப்படி வரும்.

அந்த முத்திரை வாங்கிய பிள்ளைக்கும் அது நல்லதில்லை. மேடையில் சிங்கமாகக் கர்ஜித்துக் கோப்பைகளாக அடுக்கி வைத்திருந்த ஒரு மாணவி, பாடத்தில் புரியாததைக் கேட்க எழுந்திருக்க முடியாமல் பக்கத்து மாணவியிடம் துண்டுத்தாள் எழுதித் தள்ளியதை நான் பார்த்திருக்கிறேன். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977லிருந்து எழுதிவந்த கருத்து ஒன்று உண்டு. ‘என்னால் முடியும்’ என்கிற எண்ணம் பொதுவாக ஆளோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை, குறிப்பிட்ட காரியத்தோடுதான் ஒட்டுகிறது, அதுவும் அந்தக் காரியத்தைத் தானே செய்து பார்த்த அனுபவத்திலிருந்துதான் முக்கியமாக வருகிறது. அவள் செய்து பார்த்த காரியம், எழுதிக் கொடுத்ததை ஏற்ற இறக்கத்தோடு சொல்வது. அது அவளுக்கு முடியும். தெரியாததைத் தெரியாது என்று நாலு பேர் நடுவில் சொல்வதை அவள் ஒருநாளும் செய்து பார்த்ததில்லை. அதனால்தான் உரை முடிந்ததும் நடுவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்க வேண்டும் என்று நான் போகிற இடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மடக்குகிற கேள்வி வேண்டாம். ‘நீ சொன்னதில் உனக்கு ரொம்பப் பிடித்தது எது?’ போதும். இரண்டு பள்ளிகள் ஒப்புக்கொண்டன. மற்றவை நேரமில்லை என்றன.

மதிப்பெண்ணை ஒரேயடியாக நம்பிவிடாதீர்கள் என்பதற்கு மார்ட்டின் லூதர் கிங்கைச் சொல்லலாம். 1944இல், 15 வயதில், ஜார்ஜியா மாநிலத்தில் டப்ளின் என்ற ஊரில் நடந்த பேச்சுப் போட்டியில் கறுப்பின மக்களையும் அரசியல் சட்டத்தையும் பற்றிப் பேசிப் பரிசு வாங்கினார். அன்று இரவே அட்லாண்டா திரும்பும் பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள், மீதித் தூரம் நின்றுகொண்டே வந்தார். வாழ்க்கையிலேயே அவ்வளவு கோபம் வந்ததில்லை என்று பின்னால் சொன்னார். மேடையில் எதைச் சொன்னாரோ, அதைப் பேருந்திலேயே அனுபவித்துவிட்டார். சில வருடம் கழித்து இறையியல் கல்லூரியில் பேச்சுக்கலைப் பாடத்தில் அவருக்குக் கிடைத்தது ‘சி’ தரம். யார் போட்டார்களோ, அந்த ஆசிரியர் 1963இல் வாஷிங்டனில் லட்சக்கணக்கான பேர் நடுவில் தன் மாணவர் எழுதி வைத்த உரையைத் தாண்டி, தன் கனவைப் பற்றித் தானாகப் பேசத் தொடங்கியதைக் கேட்டபோது என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். நடுவர் நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் தோன்றும்.

திக்கிப் பேசும் பிள்ளைகள் விஷயத்தில் ஒரே ஒரு வேண்டுகோள். மணியை அடிக்காதீர்கள். மூன்று நிமிடம் என்றால் அவர்களுக்கு ஆறு நிமிடம் ஆகட்டும், வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். மேடை ஏறவே மாட்டேன் என்கிற பிள்ளையைத் தள்ளியும் விடாதீர்கள். முதலில் நாலு பேர், அப்புறம் வகுப்பு, அப்புறம் அரங்கம்.

கடைசியாகப் போன மாதம் நான் நடுவராக இருந்த போட்டி. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நன்றாகத்தான் தொடங்கினாள். பாதியில் நின்றுவிட்டாள். எனக்குத் தெரிந்த நிற்றல்தான் அது, என் உள்ளங்கை வேர்த்துவிட்டது. அவள் ‘நன்றி, வணக்கம்’ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. மைக்கை லேசாகத் தள்ளிவிட்டு, முன்வரிசையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்த குட்டிப் பிள்ளைகளைப் பார்த்து, ‘மறந்துபோச்சு. கடைசியா நான் என்ன சொன்னேன்?’ என்று கேட்டாள். அரங்கம் திகைத்துவிட்டது. ஒரு பொடியன் எழுந்து அவள் சொன்ன கடைசி வரியை அவளுடைய கையசைவோடு அப்படியே சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், ‘ஆமா, அதுதான்’ என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து முடித்தாள். படிவத்தில் தேடிப் பார்த்தேன். உள்ளடக்கம், உச்சரிப்பு, உடல்மொழி, நேரம். அவள் செய்ததற்குக் கட்டமே இல்லை. கூட இருந்த நடுவரோடு கொஞ்சம் வாதாடினேன், தடுமாற்றத்துக்குக் குறைக்கத்தான் வேண்டும் என்றார், விதியும் அதுதான். அவளுக்குப் பரிசு இல்லை.

பரிசளிப்பு முடிந்ததும் அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடிக்கொண்டு போனேன். படிக்கட்டு அருகே ஏழெட்டுத் தோழிகள் சூழ்ந்து நிற்க, தான் மறந்துபோன கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். மைக் இப்படி, பொடியன் இப்படி, நடுவர்கள் முகம் இப்படி என்று கண்ணை உருட்டி வாயைப் பிளந்து காட்டியபோது என்னைப் பார்த்துவிட்டாள். சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

‘என் முகம் அப்படியா இருந்தது?’ என்று கேட்டேன்.

‘இல்லை சார்,’ என்றாள், ‘இன்னும் மோசமா இருந்துச்சு.’